மேற்படி அம்மன்

1958 ஆடி மாதத்தில், இலுப்பூருக்கு மூன்று மைல் மேற்கே உள்ள எங்கள் ஊரில் அம்மன் எழுத ஆரம்பித்தாள். பேசுகிற அம்மன் எந்த ஊரிலும் உண்டு. உடுக்கும் வேப்பிலையும் இருந்தால் போதும். எழுதுகிற அம்மன் எங்களுக்குத்தான் வாய்த்தாள். பஸ் நிற்கிற இடத்தில் பந்தல் போட்டார்கள். குடுமியான்மலையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கட்டுமாவடியிலிருந்து ஒரு கூட்டம் கருவாட்டு மூட்டையோடு வந்தது. அம்மனுக்குக் கருவாடு ஆகாது என்று, அவள் எழுத்தை வாசித்துச் சொல்கிற சித்தர் சொன்னார். மூட்டையை மட்டும் உள்ளே வைக்கச் சொன்னார்.

அம்மன் இறங்கியது மலையாண்டியின் ஒன்பது வயது மகள் அழகி மேல். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாத பிள்ளை அவள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், முகம் பார்க்க மாட்டாள், தொட்டால் கையை உதறுவாள். பஸ் வந்தால் மட்டும் ஓடிப்போய் அதன் முன்னால் நிற்பாள். படித்தவர்கள் எங்கோ இந்த மாதிரிப் பிள்ளைகளின் மனசை ஆராய்கிறார்களாம். எங்களிடம் இருந்தது இரண்டே பெயர்தான்: பைத்தியம், தெய்வம்.

முதல் பெயரை வைத்தவன் நான். ஊர் ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியன். மூன்று மாதம் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தாள். சிலேட்டில் ‘அ’ எழுதச் சொன்னால் தரையில் கிறுக்கினாள். ‘படிப்பு ஏறாது’ என்று ரிஜிஸ்டரில் பேரை அடித்து வீட்டுக்கு அனுப்பினேன்.

இரண்டாவது பெயரை வைத்தவர் வாக்குச் சித்தர் நாகராசு. எந்த ஊர்க்காரர் என்று யாருக்கும் தெரியாது. தாம்பாளத்தில் திருநீற்றைப் பரப்பி, அழகியின் மணிக்கட்டை உதற முடியாதபடி இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கேள்வி கேட்டதும் அவள் விரல் திருநீற்றில் ஓடும். சித்தர் உரக்க வாசிப்பார். ஆளுக்கு ஒரு படி நெல் காணிக்கை.

அம்மனின் தமிழ் ஒரு தனி ரகம். மாடு தொலைத்தவனுக்கு, ‘மேற்படி மாடு வடக்கே உள்ளது’ என்று எழுதினாள். மகளுக்கு வரன் கேட்டவனுக்கு, ‘மேற்படி விஷயம் விரைவில் கவனிக்கப்படும்’ என்றாள். பராசக்தி எந்தத் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைத்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கேட்டது புதுக்கோட்டைக்கு மாறுதல். ‘மேற்படி மாறுதல் ஆவணியில் வரும்’ என்று வாக்கு வந்தது. ‘அ’ எழுதவில்லை என்று நான் துரத்திய பிள்ளையின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். அப்போது வெட்கம் வரவில்லை. இப்போது வருகிறது.

ஊர் இத்தோடு விட்டிருக்கும். சித்தருக்குத்தான் ஆசை பெருத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மனைத் தம் பீடத்துக்குக் கொண்டுபோய் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். மலையாண்டி தலையாட்டிவிட்டான். தாய் சொர்ணவல்லி மட்டும் மகளை விடமாட்டேன் என்றாள். உடனே தாம்பாளத்தில் பிள்ளையே தாய்க்கு எழுதியது: ‘அம்மா, என்னை மேற்படி பீடத்திலேயே விட்டுவிடவும்.’

மகளிடமிருந்து ஒரு வார்த்தைக்காக ஒன்பது வருஷம் காத்திருந்தவள் அவள். அழுது தீர்த்தாள். மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு வந்து, என்னிடம் ஒரு சிலேட்டுக் குச்சி கேட்டாள். எதற்கு என்றேன்.

“எங்க வீட்டுல என்னைய ஆத்தான்னுதான் சொல்லுவாக. அம்மாங்கிற பேச்சே கெடையாது. எம் மக எழுதுனா ஆத்தான்னுல்ல எழுதியிருக்கணும்?” என்றாள். “இன்னொண்ணு, கை எழுதுறப்ப அவ கண்ணு ரோட்டப் பாக்குது வாத்தியாரே. பாக்காம எப்புடி எழுதுவா?”

தாய்க்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு குச்சியைக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பந்தலில் எள் விழ இடமில்லை. சொர்ணவல்லி ஓர் எலுமிச்சம்பழத்தைச் சித்தரிடம் காட்டி, ஆசி வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். பிறகு மகளின் எதிரே உட்கார்ந்து, முந்தானையால் மறைத்துக் கைக்குள் எதையோ காட்டினாள். இப்போது காட்டியது என்ன என்று அம்மனை எழுதச் சொன்னாள். சித்தர் சிரித்தார். மணிக்கட்டைப் பிடித்தார். அழகி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் விரல் எழுதியது: ‘மேற்படி பொருள் எலுமிச்சை.’

சொர்ணவல்லி கையை விரித்தாள். உள்ளே சிலேட்டுக் குச்சி இருந்தது.

அம்மனைச் சோதிப்பது பாவம் என்று சித்தர் ஆரம்பித்தார்.

“சோதிக்கல சாமி. நீங்க கைய மட்டும் விடுங்க. எழுதுறது அம்மன்னா அவளே எழுதட்டும்.”

விட்டுத்தான் பாருங்களேன் என்று கூட்டமும் சொன்னது. சித்தர் விட்டார். அழகி கையை உதறினாள். தாயின் உள்ளங்கையிலிருந்த குச்சியை எடுத்துக்கொண்டு, குனிந்து, மண் தரையில் நான்கு இலக்கங்களைக் கீறினாள். கீழே இன்னொரு நான்கு. இந்தத் தடவை கண் தரையை விட்டு நகரவில்லை.

மந்திர எண்கள் என்றார் சித்தர். பஸ்ஸை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்த கண்டக்டர் சூசைராஜ் எட்டிப் பார்த்தார்.

“மந்திரமெல்லாம் இல்லைங்க. மேல இருக்கிறது நம்ம வண்டி நம்பர். கீழ இருக்கிறது சாயங்கால வண்டி.”

பந்தலே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வகுப்புத் தரையில் அவள் கிறுக்கியது இதையேதான். மூன்று மாதத்தில் ஒருநாள்கூட நான் குனிந்து பார்த்ததில்லை.

கூட்டம் நெல் மூட்டைகளை எண்ணிப் பார்க்கும்முன் சித்தர் அதே பஸ்ஸில் ஏறினார். சூசைராஜ் டிக்கெட் கிழிக்க மறக்கவில்லை. சொர்ணவல்லி மகளோடு என் முன்னால் வந்து நின்றாள்.

“எழுதமாட்டான்னு பேர அடிச்சீங்க. எழுதுறான்னு கால்ல விழுந்தீங்க. ரெண்டு தடவையும் நீங்க எம் புள்ளையப் பாக்கவே இல்லையே வாத்தியாரே.”

திங்கட்கிழமை அடித்த பேரைத் திரும்ப எழுதினேன். அழகி எண்ணிலிருந்து ஆரம்பித்தாள். எழுத்துக்கு வர இரண்டு வருஷம் ஆனது. என் மேற்படி மாறுதல் இன்றுவரை வரவில்லை.

உங்கள் ஊருக்கும் ஒரு நாகராசு வருவான். விழுந்து கும்பிடுவதற்கு முன்னால், எழுதுகிற கை யாருடையது என்று ஒருதரம் பாருங்கள். அதற்குப் படிப்பு வேண்டாம். என்னிடம் படிப்பு இருந்தது, பார்த்தது சொர்ணவல்லி.