டிராகன் காத்திருக்கும்

பொண்டாட்டியைக் கூட்டி வர எரியோட்டுக்கு நாலு பேராய்த்தான் போவது என்று பைசல் முடிவெடுத்தான். குகைக்குள் தனியாகப் போனவன் எவனும் உயிரோடு திரும்பியதில்லை. அவன் கம்ப்யூட்டரில் விளையாடும் ஆட்டத்தில் அப்படி. மாமனார் வீடும் ஏறக்குறைய அதே மாதிரிதான் என்று அவனுக்குப் பட்டது.

அது பழைய ஆட்டம். காலேஜ் நாளிலிருந்து விளையாடுகிறான். வாள்காரன் ஒருவன், பேச்சுக்காரன் ஒருவன், மருந்துக்காரி ஒருத்தி, எல்லாருக்கும் மேலே தலைவன். நாலு பேரும் ஒரு கூட்டமாக ஊர் ஊராய்ப் போய்ச் சண்டை போடவேண்டும். தலைவனுக்கு எப்போதும் பைசல் என்றுதான் பெயர். கல்யாணத்துக்கு அப்புறம் மருந்துக்காரிக்கு முஹ்சினா என்று பெயர் வைத்துப் பின்வரிசையில் நிறுத்தினான். அதைப் பிரியம் என்று நினைத்திருந்தான்.

கல்யாணமான புதிதில் முஹ்சினா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே பார்ப்பாள். அவனுக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச வேறு ஆள் கிடையாது. ஒவ்வொரு விதியாகச் சொல்லிக் கொடுத்தான். அங்கேதான் கெட்டான்.

ஒரு சாயங்காலம் பிள்ளை சஃபாவுக்கு உடம்பு கொதித்தது. வெளியே மழை.

"மருந்துக்கடைய மூடிருவாங்க. செத்த போயிட்டு வாங்க."

"இந்தா, செத்த நேரம். டிராகனோட சண்டை நடக்குது. இப்ப எந்திரிச்சா அம்புட்டுப் பேரும் காலி."

வேறு பொண்டாட்டியாக இருந்தால் நம்பியிருப்பாள். முஹ்சினா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது டர்ன் வச்சு ஆடுற ஆட்டம்தானே? நீங்க ஒரு அடி அடிச்சாத்தான் அது ஒரு அடி அடிக்கும். நீங்கதான் சொன்னீங்க. எந்திரிச்சு ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்தாலும் அந்த டிராகன் கையக் கட்டிக்கிட்டு அங்கேயே நிக்கும். காய்ச்சல் நிக்குமா?"

பைசல் எழுந்திருக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளே போனாள். பாதி இறங்கியிருந்த ஷட்டருக்குள் குனிந்து நுழைந்து மருந்து வாங்கி வந்தாள். காய்ச்சல் விட்டதும் எரியோட்டு பஸ் ஏறிவிட்டாள்.

போன் போட்டால் மாமியார் குர்ஷித் பேகம் எடுப்பார். "பிள்ள நல்லா இருக்கு" என்பார். வைத்துவிடுவார். வீட்டில் ஃபேன் சத்தம் அவ்வளவு பெரிது என்று பைசலுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒருநாள் ஆட்டத்தைத் திறந்து பார்த்தான். டிராகன் நின்றுகொண்டிருந்தது, அவள் சொன்ன மாதிரியே. மூடிவிட்டான்.

அதற்கப்புறம்தான் படை திரட்டினான். முன்வரிசைக்கு ரொனால்டு. ஜிம் மாஸ்டர், கதவில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது. பேச்சுக்குப் பக்கத்து வீட்டு சௌகத் அலி. தோல் வியாபாரத்தில் புரோக்கர், பேசியே ஆளைச் சாய்ப்பவர். சமாதானத்துக்குத் தங்கச்சி நஸீரா.

பஸ்ஸில் திட்டம் சொன்னான். "ரொனால்டு, நீ முன்னால நில்லு. பேச வேணாம். மாமா, மாமனாரை நீங்க பாத்துக்கங்க. நஸீரா, மதினி அழுதா நீ போய்க் கண்ணத் துடைச்சு விடு."

"மதினி அழுவாங்களாண்ணே?"

"அழுவா. நாலு பேரு வந்திருக்கமேன்னு கலங்கிருவா. மன்னிப்புக் கின்னிப்புன்னு நாம பேச்சே எடுக்கக் கூடாது."

மாமனார் வீட்டு வாசலில் வரிசை சரியாக இருந்தது. கதவைத் திறந்தது முஹ்சினா. தோளில் சஃபா சிணுங்கிக்கொண்டிருந்தாள். பைசல் தொண்டையைக் கனைத்தான். முஹ்சினா அவனைப் பார்க்கவே இல்லை; முன்னால் நின்ற ரொனால்டைத்தான் பார்த்தாள்.

"வாங்கண்ணே. ஏன் நிக்கிறீங்க, உக்காருங்க. யாரு கூப்புட்டாலும் உங்கள பீரோ தூக்கத்தான் கூப்புடுறாங்க. உக்காருன்னு ஒருத்தரும் சொல்றதில்ல."

ரொனால்டுக்குக் கண் கலங்கியது. உட்கார்ந்தான். அடுத்த நொடி சஃபா அவன் மடியில் இருந்தாள். அந்த அகலமான நெஞ்சில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

"டேய், எந்திரிச்சு வாடா" என்றான் பைசல்.

"சத்தம் போடாதடா. பிள்ள தூங்குது" என்றான் ரொனால்டு, மூச்சைக்கூட அளந்து விட்டபடி.

மாமனார் இஷாக் உள்ளேயிருந்து வந்தார். சௌகத் அலி சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "மச்சான், நாங்க வந்த காரியம் என்னன்னா..."

"மாமா" என்றாள் முஹ்சினா. "அந்தத் தோல் லாரி கவுந்த கதைய அத்தா இன்னும் கேட்டதில்ல."

சௌகத் அலி நின்றுவிட்டார். அவர் தெருவில் அந்தக் கதையை எடுத்தாலே கதவுகள் சாத்தும். பாதிக்கு மேல் அதைக் கேட்ட மனுசர் கிடையாது.

"கேட்டதில்லையா?"

"லாரி கவுந்துச்சா? எங்கெ?" என்று இஷாக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வேடசந்தூர் தாண்டி ஒரு வளைவு மச்சான். ஆனா அதுக்கு முன்னால அந்த டிரைவர் எப்படிப்பட்ட ஆளுன்னு நீங்க தெரிஞ்சுக்கிறணும்..."

போயிற்று. பைசல் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தான்.

"நஸீரா, நீ ஸ்கூட்டி கத்துக்கணும்னு எத்தன நாளாக் கேட்டுக்கிட்டு இருக்க?" என்றாள் முஹ்சினா.

"அண்ணன்தான் வேணாங்குது மதினி."

"வெளிய அத்தா வண்டி நிக்குது. இங்கெ தெருவுல ஆளே கிடையாது. இந்தா சாவி."

சாவி கை மாறியது தெரியவில்லை. வெளியே வண்டி உறுமியது. பிறகு ஒரு கோழி கத்தியது. பிறகு நஸீரா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து பைசல் கேட்டதே இல்லை.

வாசற்படியில் தலைவன் தனியாக நின்றான். முஹ்சினா இப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கூட்டத்துல ஒவ்வொருத்தருக்கும் மனசுல ஒரு ஆசை இருக்கும். அத முடிச்சுக் குடுத்தா அவங்க நம்ம பக்கம். இல்லைன்னா பாதி வழியில விட்டுட்டுப் போயிருவாங்க. யாரு சொன்னது?"

"நான்தான்."

"இவங்கள்ல யாருக்கு என்ன ஆசைன்னு கேட்டீங்களா?"

"இல்ல."

"எனக்கு?"

பைசல் செருப்பைப் பார்த்தான். உள்ளே லாரி இன்னும் கிளம்பவில்லை.

"சரி, நீங்க மட்டும்தான் பாக்கி. உங்களுக்கு என்ன வேணும்?"

மனப்பாடம் செய்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. "நீ வா" என்றான். "அன்னைக்கு நான் எந்திரிச்சிருக்கணும். டிராகன் ஒண்ணும் பண்ணியிருக்காது. எனக்கே தெரியும். தெரிஞ்சுதான் உக்காந்திருந்தேன். நீதான் போயிட்டு வருவியேன்னு."

முஹ்சினாவுக்குக் கண் மினுங்கியது. துடைத்துவிட வேண்டிய தங்கச்சி தெருக்கோடியில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள்.

"வாரேன். ஆனா இனி டர்ன் எனக்கு."

"எது வரைக்கும்?"

"நான் முடிக்கிற வரைக்கும்."

"எனக்கு எப்ப வரும்?"

"டிராகன் அப்படிக் கேட்டுச்சா?"

சாப்பாட்டுக்கு அப்புறம், லாரி கவிழ்ந்து முடிந்த பிறகு, எல்லாரும் பஸ் ஏறக் கிளம்பினார்கள். முஹ்சினா முன்னால் நடந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் நஸீரா, அந்தப் பக்கம் சௌகத் அலி. தூங்குகிற பிள்ளையைத் தங்க விளக்கு மாதிரி ஏந்திக்கொண்டு ரொனால்டு நடுவில். பிள்ளை இருப்பதால் அவன் ஒரு பையும் தொடக்கூடாது என்று உத்தரவு. ஆகவே துணிப்பெட்டி, பால் டப்பா, தொட்டில் கம்பு, மாமியார் கொடுத்த ஊறுகாய் ஜாடி, ஒரு மூட்டை நிலக்கடலை எல்லாம் பைசலுக்கு. சுமை ஏற ஏற நடை குறையும் என்பது அந்த ஆட்டத்தில் முதல் விதி. அவன் கடைசியில் வந்தான்.

பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் தலைவர் யார் என்று தேடாமல் நேரே முஹ்சினாவிடம் போனார். பின்னால் எட்டிப் பார்த்து, "அந்த லக்கேஜ் யாருதும்மா?" என்றார்.

"எங்களுதுதாண்ணே" என்றாள் முஹ்சினா. "அதப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதும் எங்களுதுதான்."