காருக்கு நேரம் வைத்த கதை

பெண் வீட்டோடு போய்க் குடியேறும் மாப்பிள்ளைக்கு முதல் வருடத்தில் ஒரு வியாதி பிடிக்கும். அந்த வீட்டில் எதையாவது திருத்தியே தீரவேண்டும் என்ற வியாதி. நன்றாகப் பூட்டுகிற கதவைக் கழற்றுவார், நன்றாகப் பாடுகிற றேடியோவைத் திறப்பார், நன்றாக இறைக்கிற தண்ணீர்ப் பம்பைப் பிரித்துச் சாக்கில் பரப்புவார். "எங்கடை மருமோனுக்குத் தெரியாத வேலையில்லை" என்று மாமியார் ஒரு நாளாவது யாரிடமாவது சொல்லிவிடமாட்டாரா என்ற நப்பாசைதான். எனக்கு அந்த வியாதி கொஞ்சம் கடுமையாகவே பிடித்திருந்தது.

புளியங்கூடலில் என் மாமனார் வீட்டு முற்றத்தில் ஒரு ஏ-போர்ட்டி கார் நின்றது. மாமா தெற்கே காலி நகரத்தில் கடை வைத்திருந்தவர். கடையை விற்றுவிட்டு ஊருக்கு வரும்போது மாமியையும் காரையும் கூட்டிக்கொண்டு வந்தார். (இரண்டு பேரில் காரோடுதான் அதிகம் கதைப்பார்.) எழுபதுகளின் அந்தக் காலத்தில் காருக்கு ஒரு ஆணி வாங்குவதென்றாலும் கொழும்பில் ஆளைப் பிடிக்கவேண்டும். அதனால் கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அரை மெக்கானிக்குகளாக இருந்தார்கள். நான் கச்சேரி என்ற அரசாங்கக் கந்தோரில் கிளாக். கோப்புக்கு நூல் கட்டுவதைத் தவிர இந்தக் கையால் வேறு வேலை செய்தது கிடையாது. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் கார் திருத்தும் இங்கிலிஷ் புத்தகம் ஒன்று வாங்கி, அதிலிருந்த படங்கள் அத்தனையையும் பார்த்து முடித்திருந்தேன். எழுத்தை வாசிப்பது மூளை குறைந்தவர்களுக்கு என்பது அப்போது என்னுடைய கொள்கை.

என் மனைவி மகேசின் தங்கை வசந்திக்கு அந்த வருடம் நெடுந்தீவில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. முன்பு வந்த இரண்டும் குழம்பிப் போயிருந்தன. ஒன்றுக்குச் சாதகம் பொருந்தவில்லை. மற்றது ஏன் குழம்பியது என்று கடவுளுக்கும் தெரியாது. இந்த மாப்பிள்ளை சிவராசா, கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை. அவருடைய படத்தை வசந்தி தன் தையல் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள் என்று மகேஸ் எனக்கு இரகசியமாகச் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளையும் தாயும் தகப்பனும் கடலால் லோஞ்ச் படகில் குறிகட்டுவான் துறைக்கு வந்து இறங்குவது, நாங்கள் காரில் ஏற்றிக்கொண்டு வருவது, பெண்ணைப் பார்த்துக் கதைத்து முடிப்பது என்று ஏற்பாடு.

வரவேற்புக்கு ஆள் நிற்கவேண்டும் என்று மாமா காலையிலேயே பஸ்ஸில் இறங்குதுறைக்குப் புறப்பட்டார். படலையடியில் நின்று எனக்கு ஒரு புத்தி சொன்னார்.

"தம்பி, கார் ஓடுது. ஓடுற காரிலை கை வைக்காதையும். லோஞ்ச் வர முன்னம் நீர் அங்கை வந்தால் காணும்."

இப்படி ஒருவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போன பிறகும் கை வைக்காமல் இருக்க நான் என்ன முனிவரா? அந்தக் காருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. ஆட்கள் நிறைய ஏறினால் எஞ்சின் கடகடவென்று பல்லைக் கடிக்கும். நெடுந்தீவுச் சம்பந்தி கடலுக்கு நடுவே போகும் தாம்போதியில் வரும்போது இந்தச் சத்தத்தைக் கேட்டால் எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்? படம் பார்த்த அறிவு உடனே விடை சொன்னது: ரைமிங் பிழை.

ரைமிங் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எஞ்சினுக்குள் பெற்றோல் ஆவி இறுகி நிற்கும் நேரம் பார்த்து பிளக் நெருப்பு வைக்கவேண்டும், அவ்வளவுதான். எந்த பிளக்குக்கு எப்போது நெருப்பு என்று பங்கிட்டுக் கொடுக்கும் ஒரு தலை எஞ்சினின் பக்கத்தில் நிற்கும். அதை ஒரு நகக்கண் அளவு திருப்பியிருந்தால் கடகடப்பு நின்றிருக்கும். நான் அந்தத் தலையை முழுதாக வெளியே இழுத்து எடுத்தேன். (துடைக்க வேண்டாமா?) துடைத்த கையோடு எஞ்சினையும் முன்னால் கைபிடி போட்டு நாலைந்து தரம் சுற்றினேன். ஏன் சுற்றினேன் என்று என்னை இன்றுவரை பலர் கேட்டிருக்கிறார்கள்.

தலை எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பது மறந்துபோய், நான் எஞ்சினுக்குள் குனிந்து நின்றபோது மாமி தேத்தண்ணியோடு வந்தார்.

"என்ன தம்பி, காரைக் கழட்டிப் போட்டிருக்கிறியள்?"

"ரைமிங் வைக்கிறன் மாமி."

"அதென்ன சாமான்?"

"நேரம் வைக்கிறது மாமி. சரியான நேரம் வைச்சால்தான் எல்லாம் நல்லபடியா நடக்கும்."

இங்கிலிஷை இவ்வளவு அழகான தமிழாக்கிய பெருமையில் தேத்தண்ணி எனக்கு இன்னும் இனித்தது. எங்கள் ஊரில் நேரம் வைப்பது என்றால் ஒரே ஒரு காரியம்தான், சாத்திரியாரிடம் போய்க் கலியாண முகூர்த்தம் குறித்துக்கொண்டு வருவது, என்பது அந்தச் சமயத்தில் என் ஞாபகத்துக்கு வரவில்லை. வேலிக்கு அப்பால் நின்ற பூரணமக்காவுக்கு அது ஒருபோதும் மறப்பதில்லை.

"என்ன, மருமோன் விடியத் தொடக்கம் மினக்கெடுறார்?" என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது.

"அவர் நேரம் வைச்சுக்கொண்டிருக்கிறார். இண்டைக்கு நெடுந்தீவாக்கள் வருகினம் எல்லோ?" என்றார் மாமி, நான் கனவு கண்ட அதே பெருமையோடு.

"எடி, நேரம் வைக்கிற அளவுக்கு வந்திட்டுதே! வாயே திறக்கேல்லைப் பார்!" என்றபடி பூரணமக்கா அடுத்த வேலிக்குப் போனார்.

நான் முதலாவது பிளக்கைக் கழற்றினேன். அந்தத் துவாரத்தில் பெருவிரலை வைத்து, உள்ளே இருந்து காற்றுத் தள்ளுகிறதா என்று பார்க்கச் சொல்லிப் புத்தகத்தில் எழுதியிருந்ததாம். படத்தில் விரல் இல்லை. அதனால் நான் விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கை உருவி, துவாரத்துக்குள் விட்டு எஞ்சினைச் சுற்றினேன். ஈர்க்கு மெல்ல மெல்ல மேலே வந்து உச்சியில் நின்றது. ஆகா, இதுதான் நேரம் என்று தலையைப் பொருத்தி முறுக்கினேன். உள்ளே இருக்கிற சாமான் இரண்டு தரம் மேலே வரும், ஒரு தரம் பெற்றோலை இறுக்க, மறு தரம் புகையை வெளியே தள்ள, என்பதை ஈர்க்கு சொல்லவில்லை. ஈர்க்கு என்னதான் செய்யும், அதுவும் என்னைப்போல வாசிக்காததுதானே. நான் புகை தள்ளும் நேரம் பார்த்து நெருப்புக்கு நாள் குறித்திருந்தேன்.

மகேசை உள்ளே இருத்தி, பெற்றோல் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, நான் முன்னால் போய்க் கைபிடியைச் சுற்றினேன்.

டமார்!

மாமரத்தில் இருந்த காகங்கள் எல்லாம் எழும்பின. மகேஸ் கதவைத் திறக்காமலே வெளியே வந்துவிட்டாள். (எப்படி வந்தாள் என்று அவளுக்கும் தெரியாது.) எஞ்சினின் வாயால் ஒரு நெருப்பு, பின்குழாயால் ஒரு வெடி. நான், "பிடிக்கிறதுக்கு முன்னம் இப்பிடித்தான் கனைக்கும்" என்று சொல்லி மறுபடி சுற்றினேன். டமார். மறுபடி. டமார், டமார். லோஞ்ச் வரும் நேரம் வந்தது, போனது, நான் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

சம்பந்தம் முற்றானால் வெடி கொளுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். நேரம் வைத்த செய்தி வேலி வேலியாகப் போய்க்கொண்டிருக்கும்போது பின்னாலேயே வெடியும் கேட்டால் ஊர் என்ன செய்யும்? பூரணமக்கா வாழைப்பழமும் கற்கண்டும் தட்டத்தில் வைத்துக்கொண்டு படலையைத் திறந்தார். அவருக்குப் பின்னால் நாலு பெண்கள். அவர்களுக்குப் பின்னால், என்ன திகதி என்று கேட்டுக்கொண்டு ஒரு தவில்காரர்.

குசினிக்குள் இருந்து வசந்தி எட்டிப்பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "அத்தான், இதுவும் குழம்பினால் நான் இனி ஒருதருக்கு முன்னாலையும் வந்து நிக்கமாட்டன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதுவரை எனக்கு விளையாட்டாக இருந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் கைபிடியைக் கீழே போட்டுவிட்டுக் காரின் மூக்குக்குள் தலையை விட்டேன். வெட்கத்தில் எனக்கும் அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து மாமாவும் நெடுந்தீவாரும் படலையில் வந்து நின்றார்கள். காரைக் காத்து அலுத்து, பஸ் மாறி பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். சந்தியில் இறங்கியதும் கடைக்காரர் மாமாவைப் பிடித்து, "என்ன அண்ணை, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் நேரமும் வைச்சு வெடியும் கொளுத்திப் போட்டியள்?" என்று சம்பந்திமார் காதில் விழவே கேட்டிருக்கிறார். மாமாவின் முகத்தில் இரத்தம் இல்லை. மாப்பிள்ளையின் தாயார் முற்றத்துக்குள் கால் வைக்காமலே கேட்டார்:

"ஆரைக் கேட்டு நேரம் வைச்சனீங்கள்? இல்லாட்டி வேறை ஆருக்கும் பெட்டையை முற்றாக்கிப் போட்டியளோ?"

"ஐயோ, நாங்கள் வைக்கேல்லை. மருமோன்தான் வைச்சவர்" என்றார் மாமி.

"மருமோன் ஆர், சாத்திரியாரோ?"

"இல்லை, கச்சேரியிலை கிளாக்."

இதற்குமேல் ஒளிந்திருக்க ஏலாது என்று நான் காரின் மூக்குக்குள் இருந்து வெளியே வந்தேன். முழங்கை வரை கிறீஸ், புருவம் பாதி கருகி. "காருக்கு அம்மா. காருக்குத்தான் நேரம் வைச்சனான்."

மாப்பிள்ளையின் தகப்பனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காருக்குச் சாதகமும் இருக்கோ தம்பி?"

"வெடி?" என்றார் தாயார், விடாமல்.

"அதுவும் கார்தான்."

"எங்கை, காட்டும் பாப்பம்."

வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு வேலை சரியாக நடக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு கைபிடியைச் சுற்றினேன். கார் என்னைக் கைவிடவில்லை. அன்றைய வெடிகளில் அதுதான் பெரிது. எல்லோரும் மூக்குப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்க, மரியாதையாக ஒதுங்கி நிற்கிறேன் என்று மாப்பிள்ளை சிவராசா பின்குழாய்க்கு நேரே போய் நின்றிருக்கிறார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு. புகை விலகியபோது அவர் இடுப்புக்குக் கீழே கறுப்பாகவும் மேலே மாப்பிள்ளையாகவும் நின்றார்.

முதலில் சிரித்தவர் தகப்பனார். பிறகு பூரணமக்கா. கடைசியில் தாயார் முற்றத்துக்குள் வந்து கதிரையில் அமர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஊர் முழுக்க வெடி கேட்டிட்டுது. இனி நான் பெடியைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனால் அந்தப் பிள்ளையைத்தானே சனம் கதைக்கும்? எனக்கும் பெட்டைப் பிள்ளையள் இருக்கு. முற்றாச்சு எண்டே வையுங்கோ."

எனக்கு அந்த அம்மாவின் காலில் விழலாம்போல இருந்தது. கிறீஸ் பட்டுவிடும் என்று விழவில்லை. வசந்தி கிணற்றடிக்கு வாளியோடு வந்தாள். அவளும் சிவராசாவும் முதன்முதல் பேசிக்கொண்டது சவர்க்காரத்தைப் பற்றி.

மறுநாள் புத்தகத்தின் எழுத்துகளை வாசித்து, தலையை அரைச் சுற்றுத் திருப்பிப் பொருத்தினேன். கைபிடியைத் தொட்டதும் கார் பூனைபோல உறுமியது. பார்க்க ஒருவரும் வரவில்லை. மாமா சாவியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

அன்றுமுதல் எங்கள் குடும்பத்தில் யாருக்காவது கலியாணம் என்றால் சாத்திரியார் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போவதில்லை. "பெரியப்பா வந்தால் வெடிக்கும்" என்று நேற்றுப் பிறந்ததுகள்கூடச் சொல்லும். கதையை ஒவ்வொரு முறையும் வசந்திதான் சொல்லுவாள். அத்தான் வைத்த நேரத்தைப்போல ஒரு நல்ல நேரம் இந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் அமையவில்லை என்று கண்கலங்க முடிப்பாள். போன மாதம் அவளுடைய பேத்தியின் கலியாண வீட்டிலும் அப்படித்தான். முடித்த கையோடு சிவராசா பக்கம் திரும்பி, குளிசை போட்டாச்சா, சால்வை எங்கே, இரண்டாவது லட்டு எதற்கு என்று வரிசையாகக் கேட்டாள். அவர் லட்டை இலையில் திருப்பி வைத்தார். அவள் எழுந்து போகும்வரை பொறுத்திருந்து என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"அண்ணை, அண்டைக்கு அந்தக் காரை வடிவாத் திருத்தியிருக்கலாமே."