கேசஞானி பார்த்த கர்ப்பப்பை

ஊர்த் தாய்மார்கள் எல்லாம் மகள்களின் சீப்பைக் களவாடத் தொடங்கியிருந்த காலம் அது. கடைத்தெருவின் மாடி அறையில் கேசஞானி என்று ஒருவர் வந்து இறங்கியிருந்தார். வயதுப் பெண்ணின் தலைமுடி ஒன்று போதும். அதைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு, கண்ணை மூடி, அவள் வயிற்றுக்குள் நடப்பதையெல்லாம் சொல்லிவிடுவார். ஸ்கேன் இயந்திரம் வெட்கப்பட்டு மூலையில் உட்கார வேண்டியதுதான்!

வரிசை படிக்கட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. பெண்ணைக் கூட்டிவர வேண்டியதில்லை. அவளிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. இதைவிட வசதி உண்டா? மாதவிலக்கு என்று வீட்டுக்குள் சொன்னால் கூரை இடிந்துவிடும் என்று நம்பியவர்கள், முன்பின் தெரியாத ஓர் ஆணிடம் அதைக் கூச்சமில்லாமல் சொன்னார்கள். எவள் முடி விழுந்தாலும் ஞானியின் வாக்கு ஒன்றுதான்: "கன்னி ஆவி புடிச்சிருக்கு. டாக்டர்கிட்ட போனா ஆவி கோவிச்சுக்கும். இந்தக் கறுப்புத் தண்ணியை வெறும் வயித்துல குடுங்க."

அதே தெருவில் ஓர் அழகு நிலையம். புருவம் திருத்தும் நாற்காலிக்குப் பின்னால் திரை போட்ட சின்ன அறை. வாரம் ஒருநாள் சுகாதார நிலையத்து நர்ஸ் அங்கே வந்து உட்காருவார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் நின்றால் தெருவே காரணம் விசாரிக்கும். அழகு நிலையத்தில் நுழைந்தால் புருவத்தை மட்டும்தான் பார்க்கும். அதனால் பள்ளிக்கூடத்துப் பெண்கள் தைரியமாக வந்தார்கள். வலி, காதல், கர்ப்பம், கருத்தடை என்று மனதில் இருந்ததையெல்லாம் கேட்டார்கள். நர்ஸ் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்.

அன்று தையல்காரம்மாவின் மகள் வந்தாள். திரையை எட்டுவதற்குள் மயங்கி விழுந்தாள். நர்ஸ் அவள் கண்ணிமையை இறக்கிப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது.

"எவ்வளவு நாளா இப்படி ரத்தம் போகுது?"

"ரெண்டு வாரமா நிக்கவே இல்ல சிஸ்டர். அம்மா கறுப்புத் தண்ணிதான் குடுக்கறாங்க."

உடனே டாக்டரிடம் காட்டச் சொன்னார் நர்ஸ். ஓடிவந்த தையல்காரம்மா மறுத்துவிட்டாள். "ஞானி கூடாதுன்னுட்டாரே!"

அழகு நிலையத்துக்காரி வாதாடவில்லை. எதிரே முடிவெட்டும் கடை வைத்திருந்த தம்பியிடம் போனாள். அன்று காலையில்தான் ஞானி அங்கே தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டு போயிருந்தார்.

"சாயம் போடறதுக்கு முன்னாடி வாரினியே, சீப்புல அவர் முடி இருக்கா?"

"வாடிக்கைக்காரர் ரகசியத்தை நான் வெளியே சொல்லக் கூடாதுக்கா."

"நீ சொல்லாத. அவரே சொல்லட்டும்."

தையல்காரம்மாவையும் இழுத்துக்கொண்டு மாடி ஏறினாள். தம்பியும் பின்னாலேயே வந்தான். கிண்ணத்தில் முடியைப் போட்டாள்.

"பொண்ணுக்குப் பதினாறு வயசு சாமி."

ஞானி கண்ணை மூடினார். உடம்பை உலுக்கினார். "ஐயோ, பயங்கரமான கன்னி ஆவி! கர்ப்பப்பையைச் சுத்திக்கிட்டு நிக்குது! கறுப்புத் தண்ணி குடிக்கலேன்னா ஜென்மத்துக்கும் பிள்ளை பிறக்காது!"

"பிள்ளை பிறக்காதா? நிச்சயமாவா?"

"என் வாக்கு பொய்க்காது!"

"அதுவும் சரிதான். உங்களுக்கு எப்படி சாமி பிறக்கும்? அது உங்க முடி!"

ஞானி கண்ணைத் திறந்தார். "பொய்! சதி!"

தம்பி கிண்ணத்திலிருந்து முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். "மேல பழைய சாயம், அடியில வெள்ளை. பதினாறு வயசுப் பொண்ணுக்கு ஏது சாமி நரை?"

முடியைப் பார்த்து உலகத்தையே சொன்னவர், முடியை மட்டும் பார்த்ததே இல்லை! முதலில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு மாடியே அதிர்ந்தது. ஞானி செருப்பைத் தேடக்கூட நிற்கவில்லை.

தையல்காரம்மா சிரிக்கவில்லை. படிக்கட்டில் உருளாத குறையாக ஓடினாள். மகளை அள்ளிக்கொண்டு டாக்டரிடம் போனாள். நல்ல வேளை, தாமதமாகிவிடவில்லை. ஊசியும் மாத்திரையும் ரத்தப்போக்கை நிறுத்தின. உடம்பில் ரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரையும் தந்தார்கள். ஆவி கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

"இவ்வளவு கஷ்டப்பட்டியே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று அழுதாள் தாய்.

"சொன்னேம்மா. நீதான் முடியைப் புடுங்கிட்டுப் போயிட்ட."

தாய்மார்களே, தலைக்கு மேலே வளர்வதைக் கண்டவனிடம் கொடுத்துப் பலன் கேட்டது போதும். தலைக்கு உள்ளே இருப்பதை இனியாவது வெளியே எடுங்கள். அது நரைப்பதே இல்லை, ஆனால் துருப்பிடிக்கும்!