நாலுகை டீச்சரும் திரும்பாத சாவியும்

கள்ளக்குறிச்சியில் நாலுகை டீச்சரிடம் கையைக் கொடுத்துவிட்டுச் சுலபமாகத் திரும்ப வாங்கியவர் ஒருவரும் கிடையாது. எங்கள் தெருக்கோடியில் குடியிருந்த வேதியியல் டீச்சர். கரி அணுவுக்கு மற்ற அணுக்களைப் பிடிக்க நாலு கை என்பதை, எதிரில் வந்தவர் கையைப் பிடித்து உலகத்துக்குப் புரியவைக்கவே பிறந்தவர்.

ஒருமுறை சங்கராபுரம் பேருந்தில் பயணிகளைக் கரி அணுக்களாக்கி, கைகோக்க வைத்து வைரம் கட்டினார். இரண்டு கைதானே இருக்கிறது என்றவர்களைக் காலையும் நீட்டச் சொன்னார். நடுவில் மாட்டிய கண்டக்டருக்கு விசில் ஊதக் கை கிடைக்கவில்லை. வண்டி சங்கராபுரத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. வைரம் எவ்வளவு கெட்டி பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டு, டீச்சர் வந்த வழியே நடந்தாராம்.

அப்படிப்பட்டவரை நான் நம்பியது, வேறு வழியில்லாத ஒரு காலையில். என் ஒன்றரை வயது மகள் படுக்கையறைக் கதவைத் தள்ளிச் சாத்திவிட்டாள். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. உள்ளே, தரை துடைக்க நான் வைத்த வாளி நிறையத் தண்ணீர். அதை ஏன் அங்கே வைத்தேன்? சாவி நுழைந்தது, திரும்பவில்லை. அது முரண்டு பிடிக்கும்போதெல்லாம் தேங்காய் எண்ணெய் ஊற்றி வந்தவளும் நான்தான். உள்ளே அழுகை நின்றுபோனது.

பக்கத்து வீட்டு மேரி அக்கா டீச்சரை இழுத்து வந்தார். டீச்சர் பூட்டை முகர்ந்தார்.

"இன்னாம்மா, பூட்டுக்குத் தலை வாரிக்கினு இருந்தியா? எண்ணெயில தூசி ஒட்டி மெழுகாயிருக்குது. பென்சில் குடு."

கொடுத்தேன். இதில் களிமண் ஜாஸ்தி, படம் வரைகிற கறுப்புப் பென்சில்தான் வேண்டும் என்றார். மேரி அக்கா தன் வீட்டுக்கு ஓடினார். அந்த இடைவெளியில் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வைரத்துல நாலு கையும் பூட்டிக்கும், நவுராது. பென்சில் கரியில மூணு கைதான் பிடிச்சிக்கினு, தட்டு தட்டா படுத்துக்கும். தட்டுக்குத் தட்டு பிடி கம்மி. அதான் வழுக்கும்."

"டீச்சர், பென்சில் தேச்ச சாவிய அப்புறம் பாப்பா வாயில வச்சிட்டா?"

"மொதல்ல வாய் வெளிய வரட்டும்மா."

பென்சில் வந்தது. மேரி அக்கா சாவியைத் துடைத்துப் பிடிக்க, டீச்சர் அதன் பற்களில் கறுக்கக் கறுக்கத் தேய்த்தார். நுழைத்தார், இழுத்தார், மறுபடி தேய்த்தார். ஆறாவது முறை சாவி வழுக்கிக்கொண்டு திரும்பியது.

மகள் வாளியருகே உட்கார்ந்து என் செல்போனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

அத்தனையையும் டீச்சர் ஒற்றைக் கையால்தான் செய்தார். மறு கையில் என் கை இருந்தது. அவர் விடவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை.