ஆர்லோ இடத்தில் யாரோ ஒருத்தன்

அமெரிக்காவில் பாய்சி நகரத்தைச் சுற்றியுள்ள மேட்டிலெல்லாம் பனி உருகிச் சேறான அன்றைக்கு, ஆர்லோ காப்பிக் கோப்பையை மேஜையில் டொக்கென்று வைத்து ஒரு சபதம் போட்டார்.

"இந்த வருஷம் என் இடத்தைக் காக்கா குருவிக்குக்கூடக் காட்டமாட்டேன்!"

அவர் மனைவி வெர்னா உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"போன வருஷம் எந்தக் காக்காவுக்குக் காட்டினே?"

"காக்கா இல்ல. பக்கத்து வீட்டு டெல்பர்ட்டுக்குத்தான் பயப்படறேன். அவன் மூக்கைப் பாத்தியா? மோப்பம் புடிக்கிற மூக்கு."

"ஜலதோஷம்யா அவருக்கு."

"அப்படித்தான் ஆரம்பிப்பானுங்க."

ஆர்லோவின் இடம் என்றால் அவர் காசு கொடுத்து வாங்கினது இல்லை. சர்க்கார் நிலம். ஊர் எல்லையைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டினமட்டும் சர்க்கார் நிலந்தான். வாடகை கிடையாது. எவன் வேண்டுமானாலும் போய்க் கூடாரம் அடித்துக் காலை நீட்டலாம். எவன் வேண்டுமானாலும் என்பதில்தான் வில்லங்கமே. அதனால் ஆளுக்கு ஒரு நல்ல இடமாகத் தேடிப் பிடித்து, புதையல் பானையைப் பூதம் காக்கிற மாதிரி காப்பார்கள். "எங்கே கூடாரம் போட்டே?" என்று எவனாவது கேட்டால் பொய் சொல்வது அந்த ஊரில் பாவமில்லை, முறை. தெற்கே போனவன் வடக்கே என்பான். அவ்வளவு ஏன், சர்ச் பாதிரியாரே ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்து வெளியே வந்தால் அப்படித்தான்.

இன்னொரு முறையும் உண்டு. ஓரிடத்தில் ஏற்கெனவே கூடாரம் நின்றால் கிட்டப் போகக்கூடாது. எட்ட நின்று கையை ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பிவிட வேண்டும். இந்தச் சட்டத்தை ஆர்லோ அளவுக்கு ஓதினவர் ஒருத்தருமில்லை. சாப்பிடும்போது ஓதுவார், பல் தேய்க்கும்போது ஓதுவார். வெர்னாவுக்கு அது பைபிள் வசனம் மாதிரி மனப்பாடம்.

அவருடைய இடம் ஓர் ஓடைக்கரை. நாலு மர நிழல், குளிர்ந்த தண்ணீர், பின்னால் ஒரு பாறை மேடு. வீட்டிலிருந்து நேராகப் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆர்லோவோ மூன்று மணி நேரத்தில்தான் போவார். முதலில் வடக்கே போவார். ஒரு வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் வண்டியை ஒளித்து, எவனாவது தொடர்கிறானா என்று பார்ப்பார். பிறகு கொட்டகையை ஒரு சுற்று. சந்தேகம் தீராவிட்டால் இன்னொரு சுற்று. அப்புறம் கிழக்கு, அப்புறம் வந்த வழியே திரும்பி, ஒருவழியாகத் தெற்கு. பக்கத்து இருக்கையில் வெர்னா கண்ணை மூடிச் சாய்ந்திருப்பாள். 'நல்லதாப் போச்சு, இவளுக்கும் வழி தெரியாது' என்று ஆர்லோ உள்ளூரச் சந்தோஷப்படுவார். கட்டின மனைவிதான். ஆனாலும் வாய் என்று ஒன்று இருக்கிறதே!

ஓடைக்கரையில் இறங்கினதும், "ஆகா, என்ன அமைதி!" என்று ஆரம்பிப்பார். அந்த அமைதியைப் பற்றிப் பொழுது சாயும்வரை பேசுவார்.

இந்த வருஷம் முதல் பயணத்துக்கு வெள்ளிக்கிழமை நாள் குறித்தார். வெர்னா முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு முடியலய்யா. நீ போயிட்டு வா. நானும் ஓப்பலும் சர்ச் விருந்துக்குச் சமைக்கணும். ராத்திரி அங்கயே தங்கிடுவோம்."

ஓப்பல் என்பது டெல்பர்ட்டின் மனைவி.

"ஓப்பலா? அவகிட்ட வாயைத் தொறந்துடாதே."

"எதைப் பத்தி?"

"இடத்தைப் பத்தி!"

"எனக்கு எங்கய்யா இடம் தெரியும்? தூங்கிக்கிட்டே வந்து தூங்கிக்கிட்டே போறவ."

ஆர்லோவுக்கு மனசு குளிர்ந்தது. வடக்கு, கொட்டகை, சுற்று, கிழக்கு எல்லாம் முறைப்படி முடித்து ஓடைக்கரைத் திருப்பத்தில் வண்டியை மெதுவாக்கினார்.

அவர் இடத்தில் ஒரு பச்சைக் கூடாரம்!

வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ். சாதாரண பூட்ஸ் இல்லை, ஒவ்வொன்றும் தொட்டில் அளவு. கொடியில் ஒரு கட்டம் போட்ட சட்டை, இரண்டு பேர் புகுந்துகொள்ளலாம். பக்கத்தில் வண்டியைக் காணோம். 'வண்டியே இல்லாமல் வந்திருக்கிறான். அப்பேர்ப்பட்ட தடியன்!' என்று நினைத்துக்கொண்டார்.

இறங்கிப் போய் ஒரு சத்தம் போடலாம் போல இருந்தது. ஆனால் முறை முறைதான். கையை ஆட்டினார். வண்டியைத் திருப்பினார்.

அடுத்த பள்ளத்தில் ஒரு கூட்டம் காலி டப்பாக்களை வரிசையாக வைத்துத் துப்பாக்கி சுட்டுப் பழகிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த மேட்டில் மேடு பள்ளத்தில் மோட்டார் வண்டியைப் பாயவிட்டு விளையாடுகிற வாலிபர்கள் கிளப்பிய புழுதியில் ஆர்லோ மாவு மூட்டையில் விழுந்த எலி மாதிரி ஆனார். கடைசியாகக் கிடைத்த இடத்தில் பண்ணைக்காரன் ஒருவன் மாடுகளை மேயவிட்டிருந்தான். அதுவும் சர்க்கார் நிலம், அவற்றுக்கும் உரிமை உண்டு. விடிய விடிய ஒரு கறுப்புப் பசு கூடாரத்தை நக்கியது, விடிந்து வெளியே வந்தவரின் முதுகையும் நக்கியது. அதில் வேறு ஒரு பாசம்.

சனிக்கிழமை வீடு திரும்பினால் வெர்னா முகம் பளபளவென்று இருக்கிறது. மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

"என்ன மூக்கு?"

"அடுப்பு வெக்கை. நீ என்னய்யா இப்படி வந்து நிக்கறே? யாரு உன் முதுகை நக்கினது?"

"அதை விடு. என் இடத்துல ஒருத்தன் உக்காந்திருக்கான்."

"அடப் பாவமே! போய் எந்திருன்னு சொல்லவேண்டியதுதானே?"

"கூடாரம் இருக்கிற இடத்துக்குக் கிட்டப் போகக்கூடாதுடி! அது முறை இல்ல."

"ஆமாமா, முறைன்னு ஒண்ணு இருக்கே," என்றாள் வெர்னா. "சரி, குளிச்சிட்டு வா. மாட்டு வாடை அடிக்குது."

"விருந்துச் சாப்பாடு மிச்சம் இல்லையா?"

"எல்லாம் வழிச்சித் தின்னுட்டாங்க."

அடுத்த வெள்ளியும் அதே கூடாரம், அதே பூட்ஸ். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. ஆர்லோவுக்குச் சோறு இறங்கவில்லை. ஜன்னலோரம் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். தபால்காரர் கால் பெரிதாகத் தெரிந்தது, சந்தேகப்பட்டார். எதிர்வீட்டுக்காரர் கட்டம் போட்ட சட்டை போட்டார், சந்தேகப்பட்டார். அப்போதுதான் கண்ணில் பட்டது, டெல்பர்ட் வீட்டு வாசலில் நின்ற சின்னக் காரின் சக்கரம். அதில் வெள்ளைக் களிமண்.

அந்த வெள்ளைக் களிமண் ஓடைக்கரைத் திருப்பத்தைத் தவிர அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கும் கிடையாது.

ஆர்லோ வேலியோரம் போய் நின்றார். டெல்பர்ட் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னப்பா டெல்பர்ட், வெள்ளிக்கிழமை ஆளையே காணோம்?"

"வடக்கே ஏரிக்குப் போயிருந்தேன்பா. நீ?"

"நானா? நானும் வடக்கேதான். மலைக்கு."

"மலையில பனி உருகிடுச்சா?"

"உருகலையே. ஏரியில மீன் கிடைச்சுதா?"

"கிடைக்கலையே."

இருவரும் சிரித்துக்கொண்டார்கள். இருவர் கண்ணும் சிரிக்கவில்லை.

ஆர்லோ உள்ளே ஓடினார்.

"வெர்னா! அவனேதான்! வடக்கேன்னு சொல்றான்!"

"நீயுந்தானே வடக்கேன்னு சொன்னே?"

"நான் சொன்னது பொய்!"

"அப்ப அவர் சொன்னது?"

"அதுவும் பொய்! அதான் சொல்றேன், அவன்தான்!"

"இந்த வெள்ளிக்கிழமை பேசாம வீட்ல இருய்யா. அலைஞ்சு அலைஞ்சு இளைச்சிட்டே."

"உயிரே போனாலும் இருக்கமாட்டேன். கையும் களவுமாப் புடிக்கப் போறேன்."

"எப்படி? கிட்டப் போகக்கூடாதே."

"பின்னால மேடு இருக்கில்ல? அங்கேருந்து பாப்பேன். பாக்கக்கூடாதுன்னு சட்டம் இல்ல."

வெர்னா முட்டியைத் தேய்த்துக்கொண்டே எழுந்து ஓப்பல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அவசரத்திலும் ஆர்லோ சுற்றுவழியை விடவில்லை. கொட்டகையை இரண்டு தடவை சுற்றினார். வண்டியைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, சேஜ் புதர்களுக்கிடையே தவழ்ந்து மேட்டின் உச்சிக்குப் போய்க் குப்புறப் படுத்தார். பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். கூடாரம் இருந்தது, பூட்ஸும் இருந்தது.

"டெல்பர்ட், மாட்டினியாடா," என்று முனகினார்.

"யாருப்பா அது உள்ள?" என்று காதருகே ஒரு குரல் கேட்டது.

ஆர்லோ திரும்பினார். டெல்பர்ட் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்தார். அவர் கையிலும் ஒரு பைனாகுலர்.

"நீ... நீ உள்ளதானே இருக்கணும்!"

"நான் ஏன் உள்ள இருக்கணும்? மூணு மணி நேரமா என் பழைய டிரக்குல உன் பின்னால வர்றேன். அந்த வைக்கோல் கொட்டாயைச் சுத்தினியே, எனக்குத் தலையே கிறுகிறுத்துப் போச்சு."

"ஏரிக்குப் போனேன்னு சொன்னே?"

"வீட்லதான்பா கவுந்து படுத்துக் கிடந்தேன். ஓப்பல் சர்ச் சமையலுக்குப் போயிடறா. நீ கேட்டே, நான் பொய் சொன்னேன். அதுதானே முறை?"

ஆர்லோவுக்கு அழுகை முட்டியது. இத்தனை வருஷம் காத்த இடம் இப்போது மோப்ப மூக்குக்கும் தெரிந்துபோச்சு! ஆனால் அழ நேரமில்லை. டெல்பர்ட் பைனாகுலரைத் திருகிக்கொண்டிருந்தார்.

"யோவ், ஆர்லோ. அந்த பூட்ஸைப் பாரு. ஒண்ணுல சிவப்புக் கயிறு, ஒண்ணுல மஞ்சக் கயிறு. உன்னோடது இல்ல?"

ஆர்லோ பார்த்தார். அவருடையதேதான். உண்மையில் அவ்வளவு பெரிதாகவும் இல்லை. கோபத்தில் பார்த்ததால் பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

"அது பழசு. வெர்னா சர்ச் தர்மத்துக்குக் குடுத்துட்டேன்னு சொன்னாளே!"

"அந்தச் சட்டை என்னோடது. அதையும் ஓப்பல் சர்ச் தர்மத்துக்குத்தான் குடுத்தா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் மூளையும் ஒரே இடத்துக்குப் போய் நின்றது.

"பாதிரியார்!" என்றார் ஆர்லோ.

"போன வாரம் 'களவு செய்யாதே'ன்னு என்ன சத்தம் போட்டார்!"

"நம்ம பொண்டாட்டிங்களை அடுப்புல வேகவிட்டுட்டு, நம்ம பூட்ஸைப் போட்டுக்கிட்டு..."

"நம்ம சட்டையை மாட்டிக்கிட்டு..."

"என் ஓடையில காலை நனைச்சிக்கிட்டு!"

முறையாவது சட்டமாவது! இருவரும் மேட்டிலிருந்து சறுக்கி இறங்கினார்கள். ஆர்லோ கூடாரத்துக்கு முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்று கத்தினார்:

"ஐயா பாதிரியாரே! மரியாதையா வெளிய வாங்க!"

கூடாரத்தின் ஜிப் சர்ரென்று இறங்கியது. மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு தலை வெளியே வந்தது. வெயில் பட்டு மூக்கு சிவந்திருந்தது.

வெர்னா!

அவளுக்குப் பின்னால் ஓப்பல் தலையணையில் சாய்ந்து, பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். மடியில் சீட்டுக்கட்டு.

"ஏன்யா," என்றாள் வெர்னா மெதுவாக, "கூடாரம் இருக்கிற இடத்துக்குக் கிட்ட வரக்கூடாதுன்னு தெரியாது?"

ஆர்லோ இடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

"உனக்கு... உனக்கு வழி எப்படி...?"

"கண்ணை மூடிக்கிட்டா தூங்கறேன்னு அர்த்தமா? நேரா வந்தா ஒரு மணி நேரங்கூட ஆகல. நீ கொட்டாயைச் சுத்திக்கிட்டு வர்றதுக்குள்ள நாங்க ஓப்பல் காரை மரத்துக்குப் பின்னால விட்டு, கூடாரத்தைப் போட்டு, ஒரு ஆட்டமும் ஆடி முடிச்சிடறோம்."

"அந்த பூட்ஸ்?"

ஓப்பல் உள்ளேயிருந்து சொன்னாள்: "ரெண்டு பொம்பளைங்க தனியா இருக்காங்கன்னு தெரிஞ்சா, போற வர்ற ஆம்பளையெல்லாம் வண்டியை நிறுத்திக் கூடாரம் எப்படிப் போடறதுன்னு பாடம் நடத்துவான். பூட்ஸைப் பாத்தா பேசாமப் போயிடறான்."

டெல்பர்ட், "சட்டை துவைச்சிருக்கு போல," என்றார்.

"வெர்னா," என்றார் ஆர்லோ. "இது நான் கண்டுபிடிச்ச இடம். எனக்குன்னு இருக்கிறது இந்த அமைதி ஒண்ணுதான்."

"தெரியும்யா. இத்தனை வருஷமா இந்த அமைதியைப் பத்தி நீ பேசாத பொழுது ஏது? இங்க ஒரு குருவி கத்துது. தெரியுமா உனக்கு? எனக்கே இந்த வருஷந்தான் தெரிஞ்சுது."

ஆர்லோ வாயைத் திறந்தார். மூடினார். மரத்தில் ஒரு குருவி கத்தியது. நன்றாகத்தான் கத்தியது.

"அப்ப நான் எங்கதான் போறது?"

வெர்னா அக்கம்பக்கம் பார்த்தாள். கிட்டே வா என்று விரலை ஆட்டி, அவர் காதில் ரகசியமாகச் சொன்னாள்.

"ஒரு நல்ல இடம் சொல்றேன். யார்கிட்டயும் மூச்சு விடாதே. ஈ காக்கா கிடையாது. மெத்தை உண்டு, வெந்நீர் உண்டு, மாடு வந்து நக்காது. நாளைக்குச் சாயங்காலம்வரைக்கும் காலியாத்தான் கிடக்கும்."

"எங்க?"

"நம்ம வீடு."

ஜிப் சர்ரென்று ஏறியது.

ஆர்லோ கூடாரத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார். மேடு ஏறிப் போய் வண்டியைத் திருப்பினார். டெல்பர்ட் பின்னாலேயே வந்துவிடக்கூடாதே என்று, கொட்டகையை இரண்டு தடவை சுற்றித்தான் வீடு போய்ச் சேர்ந்தார்.