சாமி அழித்த எண்கள்

வியாழக்கிழமையானால் பாச்சாங் வட்டாரத்து டயர்க் கடை ஒன்றின் மேல்மாடிக்கு ஏறும் படிக்கட்டில் கால் வைக்க இடமிருக்காது. மளிகைக்காரர், தையல்காரர், லோரி வைத்திருப்பவர், எல்லார் கையிலும் ஒரு வெள்ளைத் தாள். அவரவர் கம்பெனியின் லெட்டர்ஹெட். மேலே உட்கார்ந்து அதைப் பார்த்துப் பலன் சொல்பவர் 'எண்ணொளி' தனபாலன் சாமி. கைரேகை, ஜாதகம் எல்லாம் பழசாகிவிட்டது. நாடு முன்னேறும்போது ஏமாற்று மட்டும் பின்தங்கியா இருக்கும்?

வியாபாரம் படுத்துவிட்டதா? சாமி உங்கள் பதிவு எண்ணைக் கூட்டுவார். எட்டு வந்தால் சனி. வராவிட்டால் கடை திறந்த தேதியைச் சேர்த்துக் கூட்டுவார். அதிலும் வராவிட்டால் வீட்டு எண்ணைச் சேர்ப்பார். சனி எந்த மூலையில் ஒளிந்தாலும் சாமி விடமாட்டார். கீழே டயர்க் கடை முதலாளி சீனத் தவுக்கே, எட்டுதான் அதிர்ஷ்டமென்று நான்கு எட்டு போட்ட கார் நம்பரைக் கூடுதல் பணம் கட்டி வாங்கி ஓட்டுகிறார். அவரைச் சனி தொடுவதில்லை. மாடியேறி வருகிற தமிழர்களை மட்டும்தான் பிடிக்கும் போலிருக்கிறது.

திருச்செல்வமும் ஒரு வியாழக்கிழமை மாடியேறினார். டுரியான் துங்காலில் வீடு. பதினோரு வருடம் பிறரிடம் புல்வெட்டியவர், இந்த வருடம்தான் சொந்தக் கம்பெனி பதிந்து, ஒரு வேனும் நான்கு மெஷினும் வாங்கியிருந்தார். பக்கத்துக் கல்லூரி ஒன்று இரண்டு வருடப் புல்வெட்டு வேலைக்கு விலைக்கடிதம் கேட்டிருந்தது. கிடைத்தால் நிமிர்ந்துவிடலாம். இல்லையென்றால் வேனை விற்றுவிட்டுப் பழைய முதலாளி முன்னால் போய்த் தலைகுனிந்து நிற்க வேண்டும். இப்படிப் பயந்த ஆளென்றால் சாமிகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

"பதிவு நம்பர் எட்டு. தாள்லேர்ந்து எடுத்துரு" என்றார் சாமி. "வீட்டு நம்பர் முப்பத்தஞ்சு. அதுவும் எட்டு, எடு. போன் நம்பர்ல ரெண்டு எட்டு சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. எடு, எடு!"

"எல்லாத்தையும் எடுத்துட்டா அப்புறம் என்னதான் சாமி போடறது?"

"தெய்வத்தைப் போடு."

போட்டார்கள். இடப்பக்கம் பிள்ளையார், வலப்பக்கம் முருகன், மேலே லட்சுமி, கீழே ஒரு மயில், நடுவில் தங்க எழுத்தில் கம்பெனிப் பெயர். மந்திரம் ஏற்றிய தாள் என்று ஒரு பெட்டி நிறையக் கொடுத்து, ரசீதும் கிழித்தார் சாமி.

வீட்டில் மனைவி மோகனா தாளைத் தூக்கிப் பார்த்தாள். "ஏங்க, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு. வேலை குடுக்கணும்னா உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?"

"அதெல்லாம் தானா தேடி வரும் லா."

தானாக ஒன்றும் வரவில்லை. அடுத்த புதன்கிழமை அவரே கடிதத்தைக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த மலாய் அதிகாரி அம்மாள் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, "இனி சுராட் சியாப்பா?" என்றார். இது யாருடைய கடிதம்? பதிவு எண் எங்கே? முகவரி, போன், இமெயில் எங்கே? நாளைக்கு நான் யாருக்குப் பதில் எழுதுவேன்? மூன்று தெய்வங்களும் ஒரு மயிலும் பார்த்துக்கொண்டிருந்தன. ஒருவரும் போன் நம்பர் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் சரியாகக் கொண்டுவாருங்கள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எண்ணைப் போட்டால் சனி. போடாவிட்டால் வேலை இல்லை. இரவெல்லாம் புரண்ட திருச்செல்வம் காலையில் பாச்சாங்கில் பஷீரா அக்காவின் அச்சுக்கடைக்குப் போனார்.

"அக்கா, இதே டிசைன். நம்பர், அட்ரஸ் எல்லாம் பின்பக்கம், ரொம்பச் சின்னதா, தெரியாம அடிச்சுக் குடுங்க."

"யாருக்குத் தெரியாம?"

"சனிக்கு."

பஷீரா சிரிக்கவில்லை. தாளைத் தடவிப் பார்த்தார். "மந்திரம் ஏத்தின தாளா? இதை மாசா மாசம் உங்க சாமி என் கடையிலதான் வாங்கிட்டுப் போறாரு. சாமி குடுத்த ரசீது இருக்கா தம்பி?"

வேனில் கிடந்தது. பஷீரா அதைப் படித்துவிட்டு, கடையைப் பூட்டினார். "வா, நானும் சாமியப் பாக்கணும்."

முக்காடு போட்ட அம்மாளைச் சாமி முதல் வரிசைக்கே அழைத்தார். அவருக்கு மதபேதம் கிடையாது, எல்லா மதத்தாரின் நோட்டும் ஒரே நிறம்தானே. பஷீரா ஒரு துண்டுத் தாளை நீட்டினார். அதில் ஒரு பதிவு எண் மட்டும் இருந்தது.

"தெரிஞ்சவங்க கம்பெனி சாமி. எப்படி?"

சாமி கூட்டினார். மூன்று வந்தது. முகம் சுருங்கியது. "கடை திறந்த தேதி?"

"அஞ்சு."

"மூணும் அஞ்சும் எட்டு! இந்த நம்பர் வச்சிருக்கிறவன் உருப்பட மாட்டான். கூட இருக்கிறவங்களையும் கெடுத்துருவான். உடனே அழிக்கச் சொல்லும்மா!"

"நீங்களே அழிச்சிருங்க சாமி" என்று பஷீரா ரசீதை மேசையில் வைத்தார். "நம்பர் உங்களோடது. தேதி, உங்க தலைக்குப் பின்னால மாட்டியிருக்கிற திறப்பு விழாப் போட்டோவுல இருக்கு."

கூட்டம் முண்டியடித்தது. ரசீதின் தலைப்பில் கம்பெனிப் பெயர், பதிவு எண், கடை முகவரி, போன், இமெயில், ஒன்று பாக்கியில்லை. பிள்ளையாரும் இல்லை, மயிலும் இல்லை.

"அது… எனக்கு நான் பரிகாரம் பண்ணிக்கிட்டேன்" என்றார் சாமி.

"அப்ப அதே பரிகாரத்தை எங்களுக்கும் பண்ணிட்டு நம்பரை விட்டுவச்சிருக்கலாமே?" திருச்செல்வத்துக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "உங்களுக்கு மட்டும் பேங்க்குல, ஆபிஸ்ல காட்ட நம்பர் வேணும். எங்களுக்கு வேண்டாமா?"

அப்போதுதான் பின்னாலிருந்து ஓர் அலறல். கிளேபாங்கில் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் கருப்பாயி. நான்காவது முறையாகப் பரிகாரத்துக்கு வந்து நிற்பவர். "அடப்பாவி! போன் நம்பரை எடுக்கச் சொன்னியே! அதான் மூணு மாசமா ஒரு ஆர்டரும் வரலையா? ஆர்டர் வரலன்னு உன்கிட்டயே வந்து அழுதேனே!"

படிக்கட்டு முழுக்க நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் தாளைப் பார்த்தார்கள். நோயைக் கொடுத்தவரிடமே மருந்துக்கு வரிசை பிடித்திருந்தது புரிந்தது. சாமி கழிவறைக்குப் போவதாகச் சொல்லிப் பின்வழியாக இறங்கினார். அடுத்த வியாழன் கதவில் பூட்டுத்தான் தொங்கியது.

வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்குத் திருச்செல்வம் புதிய கடிதத்தை நீட்டினார். பெயர், பதிவு எண், முகவரி, போன், இமெயில். அதிகாரி அம்மாள் ஒரே பார்வையில் படித்துவிட்டு முத்திரை குத்தினார்.

மூன்றாம் வாரம் போன் அடித்தது. இரண்டு எட்டுகள் சம்மணம் போட்டிருந்த அதே நம்பர்தான். திங்கட்கிழமை வேலையைத் தொடங்கச் சொன்னார்கள். போனை வைத்ததும் மோகனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார் மனுஷர்.

உடனே மறுபடியும் போன். இந்த முறை கருப்பாயி. "தம்பி, இங்க ஒருத்தரு வந்திருக்காரு. ரப்பர் ஸ்டாம்பைப் பாத்தே பலன் சொல்றாராம். கூட்டம் அள்ளுது. போலாமா?"

"போங்கக்கா. போனதும் முதல்ல அவரு ஸ்டாம்பைக் காட்டச் சொல்லுங்க."

மூளைக்குப் பதிவு எண் கிடையாது, ஐயா. எப்படிக் கூட்டினாலும் எட்டு வராது. தைரியமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.