மூன்று மாதம் சம்மதமில்லை

கதை எழுதக் கற்றுக்கொண்டவர் என்று ஓர் இனம் இருக்கிறது. கதை எழுதுகிறவர் வேறு, இவர் வேறு, இவர் எழுதமாட்டார். ஆறு வார வகுப்புக்குப் போய், கதாபாத்திரத்துக்கு ஓர் ஆசை வேண்டும், ஒரு குறை வேண்டும், ஆசைக்குக் குறுக்கே ஒரு தடை வேண்டும் என்று நோட்டில் சிவப்பு மையால் எழுதிக்கொண்டு வந்து, அதையெல்லாம் வீட்டிலும் தெருவிலும் தேடத் தொடங்கிவிடுவார்.

எனக்குத் தெரிந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண் பரிசோதிக்க உட்கார்ந்தால், கடைசி வரி தெரிகிறதா என்று கேட்பதற்கு முன், "உங்களுக்கு வாழ்க்கையில என்ன வேணும்? வெளிய சொல்லாத ஆசையா சொல்லுங்க" என்பார். வெள்ளெழுத்துக்கு வந்தவர் என்ன சொல்வார்? "பேப்பர் படிக்கணும் சார்" என்பார். "மேலோட்டமா இருக்கு" என்று லென்ஸை மாற்றுவார். தெருவில் யாராவது வழுக்கி விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குவார், இல்லையென்று சொல்லக்கூடாது. தூக்கிக்கொண்டே, "இதுக்கு முன்னாடி ஒரு சின்ன அறிகுறி இருந்திருக்கணுமே" என்பார்.

இப்படிப்பட்டவரிடம் அவருடைய ஒரே மகள் வந்து, கூட வேலை பார்க்கும் ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னாள். பையன் நல்லவன். அம்மாவுக்குப் பிடித்திருந்தது. இவருக்கும் பிடித்திருந்தது. அங்கேதான் சிக்கல். எல்லோருக்கும் பிடித்துவிட்டால் கதை எப்படி நகரும்?

"எனக்குச் சம்மதமில்ல" என்றார்.

"ஏன்ப்பா?"

"காரணம் பின்னாடி வரும்."

மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் கண் கலங்க இருவர் கையையும் சேர்த்து வைப்பதாகத் திட்டம். அதற்கான வசனத்தை எழுதியும் வைத்திருந்தார். வாழ்நாளில் அவர் எழுதிய ஒரே பக்கம் அதுதான்.

"ஏங்க, பொண்ணு உள்ள அழுதுட்டு இருக்கா" என்றாள் மனைவி.

"அழட்டும். அழாம எந்தக் கதாபாத்திரமும் வளராது."

மகள் வகுப்புக்குப் போனவள் அல்ல. அப்பா வேண்டாமென்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தம் என்று நம்பி வளர்ந்தவள். மூன்றாவது வாரமே பதிவு அலுவலகத்தில் கல்யாணத்தை முடித்துவிட்டு, அம்மாவுக்கு மட்டும் போன் செய்தாள். "அப்பாகிட்ட சொல்லிடும்மா. நாங்க இனிமே அங்க வரமாட்டோம்."

நான் பார்க்கப் போனபோது கடையில் தனியாக உட்கார்ந்திருந்தார். "கடைசில சம்மதிக்கத்தானே இருந்தேன்" என்றார். பாவமாகத்தான் இருந்தது.

"இப்பவே போய்க் கதவைத் தட்டுங்க. மன்னிப்புக் கேளுங்க."

"இப்பவேவா?" என்று யோசித்தார். "உடனே போனா அழுத்தம் இருக்காதே."

சிரிக்கிறீர்களா? கோபம் தீர்ந்து எத்தனையோ நாளாகியும், அந்தப் பக்கமே முதலில் பேசட்டும் என்று நீங்களும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, அதை யார் படிப்பதற்காக இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள்?